வேடியப்பன் கல்லும் புறம்போக்கு நிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல், கல்திட்டை (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னம்), இடிந்த கோட்டைச் சுவர் என்று ஏதாவது ஒன்றுக்கு ஆபத்து என்று சேதி வந்தால், வரலாற்று ஆர்வலர்கள் கிளம்பும்போது என்னையும் அழைத்துக்கொள்வார்கள். கல்வெட்டைப் படிக்க அவர்கள், கிராமக் கணக்கைப் படிக்க நான். போகும் ஊர் எதுவானாலும் டீக்கடையில் கேட்கப்படும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பேச்சு வழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றினேன்.

1. எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் என்று ஒரு கல் இருக்கிறது. அது நடுகல்தானா, வெறும் சாமிக்கல்லா?

இரண்டும்தான். நம் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில்தான் பொங்கலும் பூசையும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு மோதி மாண்டவனுக்கும், புலியைக் குத்திப் பட்டவனுக்கும் ஊரார் நட்ட கல் அது. அதியமானுக்கு நட்ட கல்லை ஔவையார் பாடிய தகடூர் (இன்றைய தருமபுரி) மண்ணில் இதில் வியப்பு ஒன்றுமில்லை.

எண்ணெய்ப் பிசுக்கையும் மஞ்சளையும் தாண்டி உற்றுப் பாருங்கள். வில்லோ குறுவாளோ ஏந்திய வீரன், காலடியில் கெண்டியும் (மூக்குள்ள பாத்திரம்) சிமிழும் தெரிந்தால் கல் பழையது. மேலே உள்ள எழுத்து வட்டெழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். பல்லவ மன்னன் ஒருவனின் ஆட்சியாண்டும் ‘தொறு’ என்ற சொல்லும் அதில் வரலாம். தொறு என்றால் மாட்டு மந்தை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் கன்னட எழுத்துக் கற்களும் கிடைக்கும். வீரன் வானுலகம் போவதை அடுக்கடுக்காகக் காட்டும் கற்கள் பிற்காலத்தவை. வளையல் அணிந்த கையை உயர்த்தியபடி ஒரு பெண் அருகில் நின்றால் அது சதிக்கல்.

1970களில் மாநிலத் தொல்லியல் துறை தருமபுரி மாவட்டத்து ஊர்களில் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்டது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அப்போது அதில் அடக்கம். உங்கள் ஊர்ப் பெயர் அந்தத் தொகுதிகளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. எழுத்தே இல்லாத கல்லுக்கு என்ன மதிப்பு? அதற்காக யார் மெனக்கெடுவார்கள்?

எழுத்து இல்லாவிட்டால் பெயர் தெரியாது, அவ்வளவுதான். ஆயுதம், கொண்டை, உடை, கல் நிற்கும் திசை எல்லாமே காலத்தைச் சொல்லும். பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதே, அதற்கு எந்த எழுத்துச் சான்றும் தேவைப்படவில்லை.

3. அரசு நிலத்தில்தானே இருக்கிறது? அரசே பார்த்துக்கொள்ளாதா?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நிலம் வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது. சின்னத்தைப் பாதுகாப்பது தொல்லியல் துறையின் வேலை. அதுவும் முறையாக அறிவிக்கை செய்யப்பட்ட சின்னங்களுக்கு மட்டும். அறிவிக்கப்படாத கல்லைப் பொறுத்தவரை, நிலத்தை வைத்திருக்கும் துறைக்கு அங்கே கல் இருப்பதே தெரிந்திருக்காது.

அறிவிப்புக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் இராயக்கோட்டையும் இதன்கீழ் வருகின்றன. மற்றொன்று 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். நம் இரு மாவட்டங்களிலும் ஏரிக்கரையிலும் மானாவாரிக் காட்டிலும் நிற்கும் கற்களில் மிகப் பலவும் இரண்டிலும் இல்லை.

4. “அரசு விற்கப் போகிறது” என்கிறார்கள். பொதுத்துறை நிறுவனப் பங்குகளை விற்பது மாதிரி இதையும் விற்றுவிடுவார்களா?

அது வேறு, இது வேறு. பங்கு விற்பனையை மத்திய நிதி அமைச்சகத்தின்கீழ் ஒரு தனித் துறை கவனிக்கிறது. பத்திரிகையில் தலைப்புச் செய்தியாக வரும், நாடாளுமன்றத்தில் சத்தம் எழும். ஏரிக்கரைக் கல் போவது அப்படி இல்லை. யாரும் அதை விற்பதாக நினைப்பதுகூட இல்லை. ஒரு கோப்பில் “புல எண் (சர்வே நம்பர்) இன்னது, அரசு தரிசு, காலி நிலம்” என்று எழுதப்பட்டு மேலே போகும். கல்லைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

போகும் வழிகள் சில உண்டு. நிலம் இன்னொரு துறைக்கு மாற்றப்படலாம். தொழிற்பேட்டைக்கும் சாலைக்கும் இப்படித்தான் போகிறது. தனியாருக்கு வீட்டுமனையாக ஒதுக்கித் தரப்படலாம், இதை ஒப்படை என்பார்கள். நீண்ட காலக் குத்தகைக்கு விடப்படலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் குவாரி ஏலம் என்ற ஆபத்தும் உண்டு. கட்டடமாக இருந்தால் ‘பழுதடைந்தது’ என்று சான்றளித்து இடிபாட்டுப் பொருளை ஏலம் விடுவார்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடும் அதிகாரி வேறு, ஆட்சேபம் சொல்ல வேண்டிய இடமும் வேறு. ஆகவே ஊரில் “விற்கிறார்கள்” என்று கூச்சல் போடுவதற்கு முன்னால் இவற்றில் எது நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

5. நிலம் எந்த வகையில் இருக்கிறது என்று எங்கே பார்ப்பது?

அ-பதிவேட்டில். ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பரப்பையும் வகைப்பாட்டையும் காட்டும் கிராமக் கணக்கு அது. வருவாய்த் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அதன் விவரம் கிடைக்கும். புல எண் தெரியாவிட்டால் கிராம வரைபடத்தை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 4 ஏர் என்றால் ஏறத்தாழ 10 சென்ட்.

பதிவேட்டின் கடைசியில் குறிப்புக் கலம் ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. கோயில், கிணறு, சமாதி, களம் என்று பழைய கணக்கர்கள் அதில் எழுதி வைத்திருப்பார்கள். “வேடியப்பன் கல்” என்று ஒரு சொல் அந்தக் கலத்தில் இருந்துவிட்டால், பின்னால் வரும் எந்த அதிகாரியும் “காலி நிலம்” என்று எழுதத் தயங்குவார். அந்த ஒரு சொல்லை ஏற்ற வைப்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் இலக்கு.

இப்போதைய பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் கணக்குகள் மொத்தமாகத் திருத்தி எழுதப்பட்டன. அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழையதில் இருந்த குறிப்பு புதியதில் விடுபட்டிருக்கலாம். திருத்தம் கேட்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. பழைய தாள் தேடி அலையும்போது இது நினைவில் இருக்கட்டும். உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையையே கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் 1792க்குப் பிறகு சோதித்துப் பார்த்தது அன்று பாராமகால் எனப்பட்ட நம் பகுதியில்தான். அப்படிப்பட்ட ஊரில் கணக்கைப் பார்க்காமல் வாய்ச்சண்டை போடுவது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும்.

6. என்ன வகைப்பாடு என்றால் பயப்பட வேண்டும்?

‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’, ‘கல்லாங்குத்து’, ‘கரடு’ என்று இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள் (தீர்வை என்றால் நிலவரி; கல்லாங்குத்தும் கரடும் கல்லும் பாறையுமான நிலம்). இவை எளிதாகக் கைமாறுகிறவை. ஏரி, வாய்க்கால் என்று இருந்தால் ஓரளவு நிம்மதி. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன, 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம், இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஊர்ப் பொது நிலங்களைத் தனியாருக்குத் தாரைவார்ப்பதை உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

பட்டா நிலமாக இருந்தால் இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. நில உடைமையாளரிடம் உட்கார்ந்து பேசுவதுதான் முதல் வழி.

7. கைமாற்றம் நடக்கப்போவது முன்கூட்டியே தெரியுமா?

தெரியும், கண்ணைத் திறந்து வைத்திருந்தால். முதலில் சர்வேயர் வருவார். அவரைத் தடுக்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து எந்தப் புல எண்ணை, யாருடைய கடிதத்தின் பேரில் அளக்கிறார் என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார். அடுத்து ஊராட்சியின் தீர்மானம் கேட்கப்படும். பிறகு ஆட்சேபணை கேட்டு வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் விளம்பரம் ஒட்டப்படும். பழைய சுவரொட்டிகளுக்கு நடுவில் அது ஒரு மங்கலான தாளாகத் தொங்கும். நாள் தவறினால் “ஆட்சேபணை ஏதும் வரவில்லை” என்று அறிக்கை போய்விடும். ஊரில் யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை அந்தப் பலகையைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

8. ஆர்.டி.ஐ. போட்டால் பதில் வருமா? எனக்கு ஒருமுறை ஒன்றுமே வரவில்லை.

கேட்ட விதத்தைப் பொறுத்தது. “ஏன் விற்கிறீர்கள்?”, “இது நியாயமா?” என்று கேட்டால் பதில் வராது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதத்தைத்தான் தரும், விளக்கத்தைத் தராது. வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: இன்ன புல எண்ணுக்கான யு.டி.ஆர். முந்தைய, பிந்தைய அ-பதிவேட்டு நகல். அந்த நிலம் குறித்த நில மாற்ற, ஒப்படை, குத்தகை முன்மொழிவு ஏதும் இருந்தால் அதன் கோப்பு எண். புலத் தணிக்கை அறிக்கையின் நகல். இவ்வளவு போதும்.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. “முன்மொழிவு பரிசீலனையில் உள்ளது” என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். கோப்பு ஒன்று உயிரோடு இருக்கிறது என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

9. கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதுமா?

போதாது, ஆனால் அது இல்லாமல் நடக்காது. கிராம சபைத் தீர்மானம் அரசின் கையைக் கட்டிவிடாது. எனினும் ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர், வேலையில் இருந்தபோது நான் உட்பட, ஊர் என்ன சொல்கிறது என்று முதலில் தேடும் தாள் அதுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. முன்கூட்டியே பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வார்த்தைகள் முக்கியம். “பழமையான கல்லைப் பாதுகாக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதினால் எதற்கும் உதவாது. இப்படி எழுதலாம்: “இவ்வூர் புல எண் ___ அரசு நிலத்தின் வடகிழக்கு மூலையில் நிற்கும் ___ நடுகற்களும் அவற்றைச் சூழ்ந்த 10 சென்ட் நிலமும் ஊரின் பழமைச் சின்னமாகக் காக்கப்பட வேண்டும். அப்பகுதியைத் தனி உட்பிரிவாக அளந்து, கிராமக் கணக்கின் குறிப்புக் கலத்தில் ‘நடுகல்’ எனப் பதிய வேண்டும். அந்த உட்பிரிவை எந்தத் துறைக்கும் தனியாருக்கும் மாற்றவோ குத்தகைக்கு விடவோ கூடாது எனத் தீர்மானிக்கப்பட்டது.” தீர்மானப் புத்தகத்தின் நகலைக் கையொப்பத்தோடு அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

10. ஜமாபந்தியில் கொடுப்பதா, திங்கட்கிழமை மனுவா?

கணக்கில் திருத்தம் வேண்டுமென்றால் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை. பசலி என்னும் வருவாய் ஆண்டு முடிகிற மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும். அன்று உங்கள் கிராமத்தின் கணக்குப் புத்தகங்கள் அனைத்தும் மேஜைமேல் இருக்கும், வி.ஏ.ஓ. எதிரில் நிற்பார். 5ஆம் கேள்வியில் சொன்ன இரண்டு நகல்களையும் 9இல் சொன்ன தீர்மானத்தையும் இணைத்துக் கொடுங்கள். அவசரமென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். எதில் கொடுத்தாலும் மனு எண் வாங்காமல் நகராதீர்கள்.

11. ஆதாரம் வேண்டும் என்கிறீர்கள். செல்போனில் படம் எடுத்தால் போதாதா?

போதும், எடுக்கும் நேரம் சரியாக இருந்தால். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எழுத்து தெரியாது. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். இருட்டிய பிறகு ஒருவர் கல்லை ஒட்டி டார்ச்சைப் பிடிக்க மற்றவர் எடுப்பது இன்னும் நல்லது. பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் வரி வரியாக எழுத்து எழுந்து நிற்கும். அளவு தெரிய ஒரு அடிக்கோலைச் சாய்த்து வையுங்கள். கல்லோடு பக்கத்தில் இருக்கும் சர்வே கல்லும் தெரிகிற மாதிரி ஒரு படம் கட்டாயம் வேண்டும். வருவாய் அலுவலகத்துக்கு எழுத்தைவிட அதுதான் புரியும்.

சுண்ணாம்பு, சாக்பீஸ் கொண்டு எழுத்தின்மேல் வரையாதீர்கள். கம்பிப் பிரஷ் தொடவே கூடாது. மைப்படி, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் படியெடுப்பது, பழகியவர் வேலை: கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் கொஞ்சம் வற்றியதும் மை தோய்த்த திண்டால் ஒற்றினால் கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாக வரும். காற்றடிக்கும் நாளில் அந்தத் தாளோடு போராடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

12. தொல்லியல் துறையிடம் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?

எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். சென்னை எழும்பூரில் உள்ள தொல்லியல் துறை ஆணையர் அலுவலகத்துக்குப் படங்கள், புல எண், தீர்மானம் எல்லாவற்றோடும் அனுப்பலாம். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பதற்கு முதல் அறிவிக்கை, ஆட்சேபணைக்கு அவகாசம், பிறகு இறுதி அறிவிக்கை என்று படிகள் உண்டு. துறைக்கு ஆளும் பணமும் அளவோடுதான். ஒற்றைக் கல்லுக்கு வரிசையில் இடம் கிடைக்க நாளாகும். அதற்குள் குறிப்புக் கலத்தில் அந்த ஒரு சொல்லை ஏற்றிவிடுங்கள்.

துறை ஆள் ஒருவர் வந்து பார்த்து “பழமையானது” என்று கடிதம் கொடுத்தால் அதுவே பெரிய ஆயுதம். அறிவிக்கை வராவிட்டாலும் அந்தக் கடிதத்தை எல்லா மனுவிலும் இணைக்கலாம்.

13. அறிவித்துவிட்டால் சுற்றியுள்ள எங்கள் பட்டா நிலத்தில் வீடு கட்ட முடியாது என்கிறார்களே?

இந்தப் பயத்தால்தான் பல ஊர்களில் தீர்மானம் நிறைவேறுவதில்லை. 2010இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அது மத்தியப் பட்டியலில் இருக்கும் சின்னங்களுக்கான விதி. கிராமக் கணக்கில் ‘நடுகல்’ என்று எழுதி 10 சென்ட்டை உட்பிரிவு செய்வதால் பக்கத்து நிலத்துக்காரருக்கு எந்தத் தடையும் வராது. கிராம சபையில் இதை முதலிலேயே எழுந்து சொல்லிவிடுங்கள்.

14. ஒருமுறை அறிவித்துவிட்டால் பிறகு கவலை இல்லைதானே?

அப்படியும் சொல்வதற்கில்லை. மத்தியத் தணிக்கைத் துறை 2013இல் தந்த அறிக்கையில், நேரில் போய்ப் பார்த்த 1,655 சின்னங்களில் 92 இருந்த இடமே தெரியவில்லை என்று எழுதியது. 2024 மார்ச்சில், தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டதாகச் சொல்லி 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க இந்தியத் தொல்லியல் துறை அறிவிக்கை வெளியிட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஹரியானாவின் முஜேசரில் இருந்த முகலாயர் காலத்துக் கோஸ் மினாரும் (சாலையோரத் தொலைவுத் தூண்) அந்தப் பதினெட்டில் ஒன்று. தலைநகருக்குப் பக்கத்திலேயே இப்படி என்றால், அரூர்க் காட்டுக் கல்லைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

15. அந்த நிலத்தில் வீட்டுமனை கேட்பவர்கள் எங்கள் ஊர் ஏழைகள்தான். கல் பெரிதா, மனிதன் பெரிதா சார்?

மனிதன்தான். வீடில்லாதவருக்கு எதிரே கல்லை நிறுத்தினால் கல் தோற்கும், தோற்கவும் வேண்டும். ஆனால் அப்படி நிறுத்த வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருப்பதில்லை. புல எண்ணில் இரண்டு ஏக்கர் இருந்தால் கல்லுக்கு வேண்டியது 10 சென்ட். மனை வரைபடம் தயாராகும்போதே அந்த 10 சென்ட்டைப் பொது இடமாக ஒதுக்கச் சொல்லி மனு கொடுங்கள். மனை கேட்பவர்களையும் அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு அது குலசாமியாகவும் இருக்கும்.

தொழிற்பேட்டைக்கோ வேறு துறைக்கோ போகும் நிலத்திலும் இதே வழிதான். நில மாற்ற ஆணையில் நிபந்தனைகள் விதிக்க இடமுண்டு. “நடுகல் உள்ள பகுதி நீங்கலாக” என்று ஒரு வரி போடச் சொல்லிக் கேட்பது, மொத்தத் திட்டத்தையும் எதிர்ப்பதைவிட எளிது. முழு நிலத்தையும் கேட்டுக் கடைசியில் கல்லையும் இழந்த ஊர்களை நான் பார்த்திருக்கிறேன்.

16. பேசாமல் மியூசியத்துக்கு எடுத்துப் போகட்டுமே?

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் நடுகற்கள் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. அநாதையாக விழுந்து கிடக்கும் கல்லுக்கும் திருட்டுப் பயமுள்ள கல்லுக்கும் அது சரியான இடம். பூசை நடக்கும் கல்லைப் பெயர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். எந்த ஏரிக்கரையில், எந்தப் பழைய பாதையோரம் அந்தச் சண்டை நடந்தது என்பதை இடம்தான் சொல்லும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்துக் கல்திட்டைகளை எங்கே எடுத்துப் போவீர்கள்?

17. நாங்களே கோயில் கட்டிவிட்டால் யாரும் தொட முடியாதே?

அப்போதைக்கு யாரும் தொடமாட்டார்கள், ஆனால் கல் தப்பாது. கட்டியவர்கள் முதலில் செய்வது எனாமல் பெயின்ட். வீரனுக்கு நீலச் சட்டையும் வெள்ளை விழியும் மீசையும் வரும், எழுத்துப் பள்ளமெல்லாம் பெயின்டில் மூடிப்போகும். அடுத்தது டைல்ஸ், கீழ் மூன்று வரிகள் சிமென்டுக்குள் போய்விடும். தவிர, புறம்போக்கில் அனுமதி இல்லாமல் கட்டுவது ஆக்கிரமிப்பு. நாளைக்கு அதைக் காட்டியே மொத்தத்தையும் அகற்ற முடியும். நிழலுக்கு ஒரு வேப்பமரமும் மாடு உரசாமலிருக்க நான்கு கல்தூண் வேலியும் போதும்.

ஏற்கனவே கோயிலாகி, இந்து சமய அறநிலையத் துறையின் பட்டியலில் சேர்ந்திருந்தால் கதை வேறு. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கோயில் நிலத்தை விற்கவோ நீண்ட காலக் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். ஆட்சேபணையும் கேட்க வேண்டும்.

18. கல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று ராத்திரியில் தோண்டுகிறார்களே?

நடுகல்லுக்கு அடியில் மண்தான் இருக்கிறது. தோண்டுவதால் கல் சாயும், அவ்வளவுதான் பலன். எங்காவது பழம்பொருள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும். கல் காணாமலேபோனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் படத்தோடு அனுப்புங்கள்.

19. ஒரு தனியார் நிறுவனம் “நாங்கள் தத்தெடுத்துப் பராமரிக்கிறோம்” என்கிறது. அதுவும் விற்பனைதானா?

விற்பனை இல்லை. மத்திய அரசு 2017இல் இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2018இல் செங்கோட்டையை ஒரு நிறுவனம் 5 ஆண்டுகளுக்கு ஏற்றபோது பெரிய சர்ச்சை எழுந்தது. உடைமை அரசிடமேதான் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அப்படி யாராவது வந்தால் ஒப்பந்த நகலைக் கேளுங்கள்: எத்தனை ஆண்டு, கட்டணம் உண்டா, ஊரார் பூசைக்குப் போக வரத் தடை உண்டா, பெயர்ப் பலகை எவ்வளவு பெரியது. கடைசிக் கேள்வி விளையாட்டுக்கு இல்லை.

20. எங்கள் ஊரில் இருப்பது நடுகல் இல்லை, வெள்ளைக்காரன் காலத்துப் பயணியர் மாளிகை. அதற்கும் இதுதான் வழியா?

பாதி வழி இதுதான். கட்டடம் பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் சொத்துப் பதிவேட்டில் இருக்கும், ஆர்.டி.ஐ.யை அங்கே அனுப்ப வேண்டும். ஆபத்து வருவது ‘உறுதித்தன்மை இல்லை’ என்ற பொறியாளர் அறிக்கை வழியாக. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்த பிறகு, பழைய அரசுக் கட்டடம் என்றாலே இடித்துவிடும் அவசரம் வந்திருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரைச் சிமென்ட் கட்டடத்தின் ஆயுட்கணக்கில் அளப்பது சரியில்லை. பழைய கட்டடங்களைப் புதுப்பித்த அனுபவமுள்ள ஒரு பொறியாளரின் மாற்று அறிக்கையை வாங்கி மனுவோடு வையுங்கள்.

21. நேராகக் கோர்ட்டுக்குப் போய்விடலாமா?

மனு கொடுக்காமல் போனால் “அதிகாரியிடம் கேட்டாயா?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். 8, 9, 10இல் சொன்ன காகிதங்கள் கையில் இருந்தால், அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்; நம் இரு மாவட்டங்களுக்கும் சென்னையில்தான், மதுரைக் கிளையில் அல்ல. “மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து ஆணையிடுக” என்று உத்தரவு வருவதும் உண்டு. சிலர் அதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். முடங்கிக் கிடந்த கோப்பு நகருவதற்கு அதுவே போதும்.

பொதுச் சொத்துகளுக்கு அரசு ஓர் அறங்காவலர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் 1996இல் சொன்னது. அது இயற்கை வளத்தைப் பற்றிய வழக்கு. ஆனாலும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுவார்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் அரசுமீது வழக்குப் போடுவதென்றால் பொதுவாக முன்னதாக இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும், அவசரத்துக்கு அவ்வளவாக ஆகாது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும்.

22. அதெல்லாம் சரி, பொக்லைன் வந்து நிற்கிறது. இன்றைக்கு என்ன செய்வது?

வண்டிக்கு முன்னால் படுக்காதீர்கள், ஓட்டுநரிடம் சண்டை போடாதீர்கள். அவர் கூலிக்கு வந்தவர். வேலை ஆணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வண்டி எண், ஆணை, கல் மூன்றும் தெரியப் படம் எடுங்கள். கோட்டாட்சியருக்குப் போன் செய்துவிட்டு, அதே விஷயத்தை இரண்டு வரியில் ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தாகக் கொடுங்கள். அனுமதி எல்லாம் முறையாக இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லாமல், கல்லைச் சுற்றி 10 சென்ட்டுக்குக் கயிறு கட்டிவிட்டு மற்ற பக்கம் முதலில் செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஒப்பந்தக்காரர்கள் அநேகமாக ஒத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் வேடியப்பன்மேல் பயம் உண்டு. கயிறு கட்டிய மறுநாள் காலையில் வட்டாட்சியர் அலுவலகம் திறக்கும்போது 9ஆம் கேள்வியில் இருக்கும் வாசகத்தோடு மனு கையில் இருக்கட்டும்.